வலிக்கும் நேரத்தில் பேச ஓர் ஆள் வேண்டும்

மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்களுக்கும், தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், குழந்தை நலத் துறைத் தலைவர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டிலும் தீக்காய வார்டிலும் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் நான். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். குழந்தைக்கு வலி தரும் எந்தச் சிகிச்சையாக இருந்தாலும், அது ட்ரிப்ஸ் ஏற்ற வென்ஃப்ளான் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாயில் போடுவதோ, முதுகில் நீர் எடுப்பதோ, தீக்காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாற்றுவதோ எதுவானாலும், அந்தக் குழந்தையோடு பேசுவதை மட்டுமே வேலையாகக் கொண்டு நிற்கப்போகிறவர் யார் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, கேஸ் ஷீட்டில் குறிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பொம்மை வாங்கித் தரச் சொல்லவில்லை. சுவரில் யானை, முயல் வரையச் சொல்லவில்லை. கருவி எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் கவனத்தை வலியிலிருந்து திருப்புவது, யாருக்காவது தோன்றினால் செய்யும் உபகாரமாக இல்லாமல், ஒருவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியாதது அன்று. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் உங்களில் பலர் அந்த இடத்தில் நின்றிருப்பீர்கள். ரவுண்ட்ஸுக்கு முன் முடிவுகள் வந்தாக வேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே சாம்பிள் எடுக்கத் தொடங்குகிறார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் கையை இறுக்கிக் கட்டும்போது அது பாதி விழிக்கும். ஊசி நுழையும்போது முழுவதும் விழிக்கும். அலறல் கேட்டு எழுந்த பக்கத்துக் கட்டில் குழந்தை, அடுத்தது தன் முறைதான் என்று புரிந்துகொண்டு அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பகல் நேரமென்றால் தாயை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, போர்வையால் சுற்றி, காலை ஒருவர், தோளை ஒருவர், கையை ஒருவர் பிடித்துக்கொள்ள, நான்காமவர் வெய்ன், அதாவது ஊசி போட ரத்தக்குழாய், தேடுவார். நால்வரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல”, “கைய ஆட்டாத”, “எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்”, “அழுதா பெரிய ஊசி போட்டுடுவேன்”. அந்த நான்கு குரல்களில் ஒன்றுகூட ஊசியைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை.

அவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வார்டில் இன்னும் முப்பது பேருக்கு சாம்பிள் எடுக்க வேண்டியிருக்கிற, இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளைகள் அவர்கள். குழந்தையைப் பிடிப்பது எப்படி என்று அவர்களுக்கு மூத்தவர்கள் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பேசுவது எப்படி என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால்தான் இதை அவரவர் நல்ல மனசைப் பொறுத்த விஷயமாக விட்டுவைக்காமல் நிர்வாகத்தின் வாசலுக்குக் கொண்டுவருகிறேன்.

பேச்சால் வலி குறையுமா, அழுகை வேண்டுமானால் குறையலாம் என்று மூத்த மருத்துவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நியாயமான சந்தேகம்தான். காயம் பட்ட இடத்திலிருந்து மூளை வரை தடையில்லாமல் ஓடிவரும் செய்திதான் வலி என்ற பழைய எண்ணத்தை 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் அசைத்துவிட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகள் அதைத் திறக்கவும் மூடவும் முடியும் என்பது அவர்கள் சொன்ன கோட்பாடு. அதன் நுணுக்கங்கள் பின்னர் எவ்வளவோ திருத்தப்பட்டன. மூளை தன்னிடம் வரும் வலியைத் தானே கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற அடிப்படை மட்டும் நிலைத்துவிட்டது. 2012-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இந்தச் சந்தேகத்துக்கு இன்னும் நேரான பதில். தன்னார்வலர்களின் கையில் வலிக்கும் அளவுக்குச் சூடு வைத்துக்கொண்டே, எழுத்துகளை வரிசையாக நினைவில் வைத்திருக்கும் கடினமான வேலை ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தார்கள். வேலை கடினமானபோது வலி குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள்; அதோடு, தண்டுவடத்தை ஸ்கேன் செய்து பார்த்தபோது வலிச்செய்தி அங்கேயே மட்டுப்பட்டிருந்தது தெரிந்தது. உடல் தானே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருள்களின் வேலையைத் தடுக்கும் நலோக்ஸோன் மருந்தைக் கொடுத்தபோது, கவனம் திரும்பியதால் கிடைத்த நிவாரணமும் கணிசமாகக் குறைந்தது. ஆக, கவனம் திரும்பும்போது மூளைக்கு ஏறிவரும் வலிச்செய்தியே பாதி வழியில் மட்டுப்படுகிறது. குழந்தை வலியைப் பொறுத்துக்கொண்டு வெளியில் காட்டாமல் இருக்கிறது என்று நினைப்பது சரியன்று.

தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. கொதிக்கும் சாம்பார் குண்டானில் விழுந்த குழந்தைக்கும், தீபாவளி இரவில் புஸ்வாணம் முகத்தில் வெடித்த சிறுவனுக்கும் விபத்தின் வலியைவிட டிரெஸ்ஸிங்கின் வலிதான் பெரியது. விபத்து ஒரு முறை நடந்தது. டிரெஸ்ஸிங் மறுபடியும் மறுபடியும் நடக்கும், அதுவும் நேரம் சொல்லிவிட்டு நடக்கும். டிரெஸ்ஸிங் டிராலியின் சக்கரச் சத்தம் வராந்தாவில் கேட்டதும் வார்டு முழுக்க அழுகை தொடங்குவதை எத்தனையோ காலைகளில் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்ட்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் ஹார்பர்வியூ தீக்காய மையத்தின் நோயாளிகளுக்காக 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய முயற்சி இன்று உலகம் அறிந்தது. நோயாளி கண்ணில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவியில் பனிப் பள்ளத்தாக்கு ஒன்று விரியும். காயத்தைச் சுத்தம் செய்யும் நேரம் முழுவதும் அவர் பனி மனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். வழக்கமான வலி மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, வலியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும் நேரமும் வலியின் அளவும் குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். வலி இல்லாத தன்னார்வலர்களுக்குச் சூடு வைத்து மூளையை ஸ்கேன் செய்து அதே குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளின் செயல்பாடு அந்த விளையாட்டின்போது வெகுவாகக் குறைந்திருந்தது.

இதைச் சொன்னவுடன் நம் ஊரில் அடுத்து நடப்பது என்ன என்பதும் எனக்குத் தெரியும். கருவி வாங்க டெண்டர் விடுவார்கள். திறப்பு விழாவில் புகைப்படம் எடுப்பார்கள். ஆறு மாதத்தில் அது ஸ்டோர் ரூம் பீரோவுக்குள் போய்விடும், சாவி யாரிடம் என்று தெரியாது. எனக்கு அந்தக் கருவி மீது வெறுப்பில்லை. ஆனால் சியாட்டில் முயற்சியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கருவியை அன்று. வேடிக்கை பார்க்கவைப்பதைவிட வேலை கொடுப்பது நல்லது, அந்த வேலை வலிக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வலி முடியும்வரை அறுபடாமல் ஓட வேண்டும் என்ற மூன்றையும் ஒரு மனிதக் குரலாலும் செய்ய முடியும்.

செய்து நான் பார்த்திருக்கிறேன். தீக்காய வார்டில் ஓர் ஆயாம்மா இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தொடை வெந்துபோய் வந்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் வீட்டில் ஆடுகள் இருப்பதை அவனுடைய அம்மாவிடம் முந்தைய நாளே கேட்டுவைத்திருந்தார். டிராலி வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே அவன் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, “உங்க வீட்டு ஆட்டுக்கு மூணு காலாமே?” என்று ஆரம்பித்தார். அவன் முறைத்தான். “நாலு.” “அப்ப குட்டிக்கு மூணு.” “குட்டிக்கும் நாலுதான்.” பழைய துணிக்கட்டின் மேல் நான் சலைனை ஊற்றி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். “ரெண்டு ஆடு நாலு குட்டி போட்டா மொத்தம் எத்தனை காலு? பத்தா?” அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான், விரல் போதவில்லை, ஆயாம்மா தன் விரல்களை நீட்டினார். ஒட்டியிருந்த காஸ் துணியை உரித்தபோது அவன் கத்தினான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கத்திவிட்டு, “பத்து இல்ல” என்று அவர் பக்கம் திரும்பினான். ஆயாம்மா ஒவ்வொரு கேள்வியையும் வேண்டுமென்றே தப்பாகக் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். சரியான கேள்விக்குக் குழந்தை பதில் சொல்லாமல் இருந்துவிடும். தப்பாகச் சொல்லும் பெரியவரைத் திருத்தாமல் எந்தக் குழந்தையாலும் இருக்க முடியாது. இந்த நுட்பத்தை அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத் தரவில்லை, அவருடைய பணிப் பட்டியலிலும் அது இல்லை. அவர் பணி மாறுதலில் போனபோது வார்டிலிருந்து அந்தத் திறமையும் போய்விட்டது.

நம் வீடுகளில் இந்த அறிவு இல்லாமல் இல்லை. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி எதற்கு? குழந்தையைத் தெரிந்த ஒருவர் நிமிர்த்தி உட்காரவைத்து அணைத்துக்கொள்கிறார். வாயில் சர்க்கரையோ பழமோ போகிறது. எதிரே ஒரு கூட்டமே கைதட்டி, கிலுகிலுப்பை ஆட்டி அதன் பார்வையை இழுக்கிறது. ஆசாரி கண்ணில் படாமல் பக்கவாட்டிலிருந்து ஒரு நொடியில் வேலையை முடித்துவிடுகிறார். மடி, இனிப்பு, கவனத் திருப்பல், கைவேகம் ஆகிய நான்கையும் பந்தலில் வைத்திருக்கிற நாம், மருத்துவமனை வாசலில் நான்கையும் கழற்றி வைத்துவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைப்பது குறித்து 2015-இல் வெளியிட்ட பரிந்துரைகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. ஊசியின்போது பெற்றோர் உடன் இருக்க வேண்டும். கைக்குழந்தையை அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இயன்றால் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சற்று வளர்ந்த குழந்தையை நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பொம்மை, காணொளி, உரையாடல், இசை என ஏதாவது ஒன்றால் கவனத்தைத் திருப்ப வேண்டும். ஊசி போடுகிறவர் அமைதியாக, பயமுறுத்தாத நடுநிலையான சொற்களில் பேச வேண்டும். புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடும் நம் கிராம சுகாதார செவிலியர்கள் பலர் இவற்றில் சிலவற்றைத் தாங்களாகவே செய்கிறார்கள். பெரிய மருத்துவமனைக்குள் வந்தால்தான் தாய் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது.

ஊசி சார்ந்த வலிக்கு மனம் சார்ந்த முறைகள் உதவுகின்றனவா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் புதுப்பித்த தொகுப்பாய்வு, 59 சோதனைகளில் பங்கேற்ற 5,550 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. கவனத்தைத் திருப்புதல், மூச்சுப் பயிற்சி, மனோவசியம் போன்றவை வலியையோ பதற்றத்தையோ குறைப்பதற்குச் சான்று இருப்பதாக அது சொல்கிறது. அந்தச் சான்றின் தரம் குறைவு என்றும் அதே ஆய்வு எழுதியிருக்கிறது. அதை மறைத்து நான் வாதாட விரும்பவில்லை. யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்பதைக் குழந்தையிடமும் செவிலியரிடமும் மறைத்து ஒரு சோதனை நடத்துவது இயலாத காரியம். தரம் குறைவாக மதிப்பிடப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கவிளைவு இல்லாத, செலவு இல்லாத ஒன்றைத் தொடங்குவதற்கு இந்த அளவுச் சான்று போதும் என்பது என் கணிப்பு.

ஒரு நிமிட அழுகைதானே, மறந்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று. எலும்பு மஜ்ஜையும் முதுகுநீரும் எடுக்க வேண்டியிருந்த புற்றுநோய்க் குழந்தைகளைப் பற்றி 1998-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், முதல் முறை சிலருக்கு வலி மருந்தும் சிலருக்குப் போலி மருந்தும் கொடுக்கப்பட்டிருந்தன. அடுத்தடுத்த முறைகளில் எல்லாருக்கும் உண்மையான மருந்தே கிடைத்தது. அப்படியிருந்தும், முதல் முறை மருந்தில்லாமல் துன்பப்பட்ட எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் பின்னரும் மற்றவர்களைவிட அதிக வலியைச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். முதுகு ஊசி பலமுறை உண்டு. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடுள்ள குழந்தை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வந்தே ஆக வேண்டும். முதல் நாளில் நால்வர் பிடித்து அமுக்கி முடித்த வேலைக்கான விலையை, அந்தப் பிள்ளையும் அதன் தாயும் அடுத்து வரும் செவிலியரும் ஒவ்வொரு முறையும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

என்ன பேச வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். நமக்கு இயல்பாக வாயில் வரும் ஆறுதல் பெரும்பாலும் உதவுவதில்லை. ரொனால்ட் பிளவுன்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் சிகிச்சை அறையில் பெரியவர்கள் பேசுவதையும் குழந்தைகள் நடந்துகொள்வதையும் 1980-களின் இறுதியிலிருந்து பதிவு செய்து ஒப்பிட்டார்கள். “ஒன்றுமில்லை, சீக்கிரம் முடிந்துவிடும்” என்ற தேற்றல், மன்னிப்புக் கேட்பது, கண்டிப்பது ஆகியவற்றை அடுத்துக் குழந்தையின் தவிப்பு கூடியது. சிகிச்சைக்குத் தொடர்பில்லாத பேச்சு, வேடிக்கை, “இப்போ மூச்சை இழுத்து ஊது” என்ற தெளிவான வழிகாட்டல் ஆகியவற்றை அடுத்து அது சமாளித்துக்கொண்டது. யோசித்தால் காரணம் புரியும். ஏதோ வரப்போகிறது என்றால் மட்டும்தானே பெரியவர்கள் “ஒண்ணுமில்ல” என்று சொல்கிறார்கள்.

அதற்காகக் குழந்தையை ஏமாற்றச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் குத்திவிடுவதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள்; அந்தக் குழந்தை அடுத்த முறை சிரிக்கும் எவரையும் நம்பாது. “கையில் ஒரு குத்து இருக்கும், வலிக்கலாம், அந்த நேரத்தில் நாம் ரெண்டு பேரும் இதைச் செய்வோம்” என்று முதலில் உண்மையைச் சொல்லிவிட்டு, பிறகுதான் ஆட்டுக்கால் கணக்குக்குப் போக வேண்டும். ஊசியைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைகளும் உண்டு, பெரும்பாலும் பலமுறை வந்து பழகிய பிள்ளைகள். அவர்கள் முகத்தைப் பிடித்துத் திருப்பக் கூடாது. பார்க்கட்டும், எண்ணட்டும், “இப்போ குத்தலாம்” என்று அவர்களே சொல்லட்டும்.

வயதுக்கு ஏற்ப உத்தி மாறும். பச்சிளம் குழந்தைக்குத் தாய்ப்பால், அது இயலாத தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் சொல்லும் அளவில் இரண்டு நிமிடம் முன்பாக நாக்கில் சில சொட்டு சுக்ரோஸ் கரைசல். இரண்டு மூன்று வயதில் சோப்பு நுரைக் குமிழிக்கு நிகரான மருந்து இல்லை. குமிழி ஊத ஆழமாக மூச்சுவிட வேண்டியிருப்பதால் அது மூச்சுப் பயிற்சியும் ஆகிறது. திருவிழாக் கடையில் விற்கும் ஊதல் பீப்பியும் அதே வேலையைச் செய்யும், பக்கத்து வார்டுக்காரர்கள் சண்டைக்கு வராவிட்டால். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு விடுகதை. “அடிக்கவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள், அழவைத்துவிடுவாள், யார் அவள்?” என்று கேட்டுவிட்டு, வெங்காயம் என்ற விடையைச் சட்டென்று சொல்லாமல் ஊசி உள்ளே போகும்வரை இழுத்தடிக்க வேண்டும். பதின்வயதுப் பிள்ளையிடம் இந்த விளையாட்டுகள் எடுபடாது. அவர்களுக்கு எந்தக் கை, உட்கார்ந்தா படுத்தா, யார் உடன் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும், பிடித்த பாட்டும் போதும்.

கைபேசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று கவனத்தைத் திருப்புவது என்றாலே தாய்மார்கள் அதைத்தான் நீட்டுகிறார்கள். தவறில்லை, பல நேரங்களில் உதவுகிறது. ஆனால் குழந்தை அலறத் தொடங்கிய பிறகு நீட்டப்படும் கைபேசி பறந்து தரையில்தான் விழும். வார்டின் உள்மூலையில் சிக்னல் இருக்காது; படம் சுற்றிக்கொண்டே நிற்கும். சரியாக வெய்ன் கிடைக்கும் நொடியில் விளம்பரம் வந்து, குழந்தை தலையைத் திருப்பிய காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. கைபேசி இருந்தாலும் அதைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி, நான் மிகவும் அஞ்சுவது எதை என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மடலைப் படித்துவிட்டு, பேச்சிலேயே வலி குறையும்போது மருந்து எதற்கு என்று எந்த நிர்வாகமும் முடிவெடுத்துவிடக் கூடாது. கவனத்தைத் திருப்புவது வலி மருந்தோடு சேர்ந்து வேலை செய்வது. அதன் இடத்தை நிரப்புவதற்கு அன்று. முதுகில் நீர் எடுக்கும் முன் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் போட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய தீக்காய டிரெஸ்ஸிங்குக்கு மயக்க மருத்துவர் மேற்பார்வையில் கெட்டமின் என்ற மயக்க மருந்தோ தேவையான வலி மருந்தோ கொடுத்தாக வேண்டும். லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்த மரப்புக் களிம்பைத் தடவி மூடி ஒரு மணி நேரம் விட்டால், அவசரமில்லாத ஊசிகளின் வலி பெரிதும் குறையும். அது எல்லாக் குழந்தைகள் வார்டிலும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகத்திடம் நீங்கள் வலியுறுத்த வேண்டும். களிம்பு தடவிய அந்த ஒரு மணி நேரம்தான், பேசுகிறவர் குழந்தையோடு பழகிக்கொள்வதற்கும் உகந்த நேரம்.

ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும். செவிலியர் எண்ணிக்கை போதாது என்பது உண்மை, அதற்காக நாங்கள் போராடியும் இருக்கிறோம். ஆனால் இந்த விஷயத்தில் அந்தப் பதிலை ஏற்க மாட்டேன். அமுக்கிப் பிடிக்க மூன்று பேர் இருக்கும் அறையில் பேச ஒருவர் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? தாயின் மடியில் மார்போடு மார்பாக அணைத்து உட்காரவைத்த குழந்தையின் கையைப் பிடிக்க ஒருவர் போதும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செவிலிய மாணவிகள் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களுக்கு முறையான பயிற்சியாகக் கொடுக்கலாம். தாயே அந்த ஆளாக இருக்கலாம், என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு நிமிடம் சொல்லிக்கொடுத்தால். அசையும் கையில் வெய்ன் தப்பும், தப்பினால் மறுபடி குத்த வேண்டும், புது வென்ஃப்ளான் பிரிக்க வேண்டும், இன்னொருவரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நேரம் அங்கேதான் போகிறது.

குழந்தைகளை முன்வைத்து எழுதினாலும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். சர்க்கரை நோயால் கால் புண்ணாகி, அழுகிய சதையை வெட்டி எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் முதியவரிடம் அவர் ஓட்டிய லாரியைப் பற்றிக் கேட்கலாம். பிரசவ வார்டில் தையல் போடும்போது திட்டுவதை நிறுத்திவிட்டு, பெற்ற பிள்ளையை அவள் மார்பில் வைத்து அதைப் பற்றிப் பேசலாம். பெரியவர்களுக்குத் தடுப்பூசி போடும் நொடியில் லேசாக இருமச் சொல்வதையோ மூச்சைப் பிடிக்கச் சொல்வதையோ உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் தொடக்கம் குழந்தைகளிடம் இருக்கட்டும். பெரியவர் வேண்டாம் என்று சொல்ல முடியும், வெளியேறவும் முடியும்.

சுற்றறிக்கையில் பேசுகிறவர் பெயருக்கான இடத்தோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன். தாயோ தந்தையோ உடன் இருக்க விரும்பினால் வெளியே அனுப்பக் கூடாது. தூங்கும் குழந்தையை ஊசியால் எழுப்பக் கூடாது; முதலில் எழுப்பி, தண்ணீர் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகுதான் கையைத் தொட வேண்டும். அவசரமில்லாத சாம்பிள்களின் நேரத்தை விடியற்காலையிலிருந்து தள்ளிவைக்க முடியுமா என்று ஆய்வகத்தோடு பேசிப் பாருங்கள். கட்டிலில் வைத்து எதுவும் செய்யாமல் இருப்பது நல்லது. கட்டில் குழந்தைக்குப் பாதுகாப்பான இடமாக இருக்க வேண்டுமென்றால் வார்டின் ஒரு மூலையைத் திரை போட்டாவது ஒதுக்குங்கள். ஒருவர் இரண்டு முறை முயன்றும் வெய்ன் கிடைக்காவிட்டால் மூத்தவரை அழைக்க வேண்டும், கௌரவம் பார்க்கக் கூடாது. அறையில் ஒரே நேரத்தில் ஒரு குரல் மட்டும் கேட்க வேண்டும். அது பேசுகிறவருடைய குரல். மருத்துவர் உட்பட மற்றவர்கள் தேவையானதை அவர் வழியாகச் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தவரை இதை அமல்படுத்துவதுதான் மிகக் கடினம், ஏனென்றால் நம் வார்டுகளில் எல்லாருக்கும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு குழந்தைகள் வார்டிலும் ஒரு தீக்காயப் பிரிவிலும் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். முகப் படங்களைக் காட்டிக் குழந்தையிடமே வலியின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை குத்த வேண்டியிருந்தது, எத்தனை பேர் பிடிக்க வேண்டியிருந்தது என்பதையும் எழுதிவையுங்கள். தொடங்குவதற்கு முன் ஒரு மாதம் இதே கணக்கை எடுத்திருந்தால்தான் ஒப்பிட முடியும், அதை மறந்துவிட வேண்டாம். அடுத்த அணி பயிற்சி மருத்துவர்கள் பணியில் சேரும்போது, குழந்தைகள் வார்டில் அவர்களுக்குக் கற்றுத்தரப்படும் முதல் வேலை வென்ஃப்ளான் போடுவதாக இல்லாமல், இன்னொருவர் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதாக ஒரு வாரம் இருக்கட்டும். பயிற்சி தர ஓய்வு பெற்ற செவிலியர்கள் பலர் ஊதியம் எதிர்பாராமல் வருவோம். ஆயாம்மாக்களையும் பயிற்சியாளர்களாக அழையுங்கள். அவர்களுக்கு மட்டும் அந்த நாள்களுக்கு ஊதியம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்